கெட்டிப்படுத்தப்பட்ட மண்

லாசருக்கு உட்காரத் தெரியாது. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே ஓடிய பஸ்ஸில் கண்டக்டராக நின்றே ஆயுளைக் கழித்தவர். கொண்டை ஊசி வளைவுகளில் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழித்துப் பழகிய கால்களுக்கு, ஓய்வு பெற்ற பிறகு அசையாத தரை ஒத்துக்கொள்ளவே இல்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார். பால்காரர் வந்துவிட்டாரா என்று பார்த்தார். வந்து போன பால்காரர் தெருமுனை தாண்டிவிட்டாரா என்று மறுபடி பார்த்தார்.

மனைவி சாந்தாமேரி ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து ஹாஸ்டலில் வார்டன். நூறு பிள்ளைகளை ஒரு விசிலில் உட்கார வைக்கிறவள். வீட்டில் இருந்த ஒரே ஆளை அவளால் உட்கார வைக்க முடியவில்லை.

"ஏனுங்க, ஒண்ணு உக்காருங்க, இல்லீன்னா வெளிய போங்க. ஊட்டுக்குள்ளயே ட்ரிப் அடிச்சீங்கன்னா எனக்குத்தான் தலை சுத்துது."

அவர் வெளியே போனார். வெளியே என்பது கொல்லைப்புறம்.

மஞ்சக்குட்டையில் அவர்கள் வீடு சரிவை வெட்டிக் கட்டியது. கட்டிய மேஸ்திரி, தளம் சமமாக வேண்டும் என்று மேல்மண்ணை முழுக்க வழித்து யாருக்கோ விற்றுவிட்டார். மிஞ்சியது பொரிகல்லும் செம்மண் கட்டியும், இடையிடையே செங்கல் ஜல்லியும். மேரி கொத்தமல்லி தூவினாள், முளைக்கவில்லை. பீன்ஸ் ஊன்றினாள். விரல் உயரம் வந்து, மஞ்சளாகி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே வழுக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போயிற்று. அந்த மண்ணுக்கும் ஓரிடத்தில் எதையும் தங்க விடத் தெரியவில்லை.

செல்போனில் யாரோ ஒருவர் காய்கறித் தோலை மக்க வைத்து மண்ணைத் திருத்துவதை லாசர் பார்த்தார். அன்றைக்கே வேலி ஓரம் குழி தோண்டினார். அடுப்படித் தோல், ஹாஸ்டல் சமையலில் கழித்த முட்டைக்கோஸ் இலை, எஸ்டேட் ரோட்டில் கொட்டிக் கிடந்த சில்வர் ஓக் சருகு, பக்கத்து வீட்டு ஆராயியின் மாட்டுச் சாணம் எல்லாவற்றையும் போட்டார். போட்ட அரைமணி நேரத்தில் திறந்து பார்த்தார். மத்தியானம் பார்த்தார். சாயங்காலம் குச்சியால் கிளறிப் பார்த்தார்.

"தோல் தோலாத்தான் கெடக்குது மேரி."

"பின்ன, உங்க பஸ்ஸாட்ட நேரத்துக்கு வந்து நிக்குமா?"

முதலில் நாறியது. சருகைக் கூடுதலாகப் போட்டார், நாற்றம் அடங்கியது. அப்புறம் ஒரு தை மாதக் காலையில், பனி இன்னும் விலகாத நேரம், குவியலுக்குள் கையை விட்டவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"மேரி! கொதிக்குது! ஓடியா!"

அவள் அடுப்பில் வைத்த பாலை நோக்கி ஓடினாள். பால் கொதிக்கவில்லை. கொல்லைக்கு வந்து பார்த்தால், குவியலிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. லாசர் அதன் பக்கத்தில் குந்தியிருந்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அப்படி ஓரிடத்தில் குந்தி அவள் பார்த்ததில்லை. தான் சும்மா இருந்தாலும் தனக்குப் பதிலாக எதுவோ உள்ளே ஓயாமல் வேலை செய்கிறது என்பதில் அவருக்கு என்னவோ ஒரு நிம்மதி.

அந்த ஆவிதான் வினை. ரோட்டில் போன யாரோ, இந்த வீட்டில் குப்பையை எரிக்கிறார்கள் என்று புகார் கொடுத்துவிட்டார்கள். விசாரிக்க ஒரு ஜீப் வந்தது.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் மாதேஸ்வரன். மலைப்பகுதி மனைதோறும் மண்வள மறுமலர்ச்சி இயக்கத்தின் வட்டார ஒருங்கிணைப்பாளர். இயக்கத்தைச் சுருக்கமாக ம.ம.ம.ம.இ. என்பார்கள். சுருக்கத்தைச் சொல்லி முடிப்பதற்குள் முழுப் பெயரையே சொல்லிவிடலாம். கழுத்தில் அடையாள அட்டை, காலில் பளபளக்கும் ஷூ. அது எரிகிற குப்பை அல்ல, மக்குகிற குப்பை என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. லாசரின் கையைப் பிடிக்க வந்து, கையில் இருந்த சாணத்தைப் பார்த்து, தோளைத் தட்டினார்.

"உங்களைத்தான் ஐயா தேடிட்டு இருந்தோம். ரெண்டு வருஷமா பேரணி, கருத்தரங்கு, ஓவியப் போட்டி, மனிதச் சங்கிலி எல்லாம் சிறப்பா முடிச்சுட்டோம். உரம் மட்டுந்தான் பாக்கி இருந்துச்சு."

"அதுக்கு நான் என்னங்க பண்ணோணும்?"

"ஒண்ணுமே பண்ண வேண்டாம். இனி எல்லாம் நாங்க பாத்துக்கறோம். இது இன்னையிலிருந்து மாதிரி இல்லம். நீங்க பயனாளி."

கை காட்டிய யாரையும் ஏற்றாமல் விட்டுப் பழக்கமில்லாத மனிதர் லாசர். தலையாட்டிவிட்டார்.

மறுவாரம் ஒரு பச்சை டிரம் வந்து இறங்கியது. ஆள் உயரம். அதன் வயிற்றில் ம.ம.ம.ம.இ.யின் தலைமைப் பொறுப்பில் இருந்த இயக்குநரின் சிரித்த படம். வந்த ஆட்கள் குவியலை அள்ளி டிரம்முக்குள் போட்டு, மூடியை இறுக்கி, மூடிமேல் ஒரு தாளை ஒட்டினார்கள். 'இயக்குநர் அவர்கள் திறந்து வைக்கும் வரை திறக்கக் கூடாது.'

"அவரு எப்பங்க வருவாரு?" என்றார் லாசர்.

"தேதி கேட்டிருக்கோம்," என்றார் மாதேஸ்வரன்.

"அதுக்குள்ள காத்து வேணுமுங்களே. மூடி வெச்சா அழுகிப் போயிருமுங்க."

"பயனாளி அவசரப்படக் கூடாது. உரமும் அவசரப்படக் கூடாது."

லாசர் டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்தார். காதை வைத்துக் கேட்டார். இரண்டாம் நாள் மூடி இடுக்கு வழியாகப் புளித்த வாடை வந்தது, மூன்றாம் நாள் ஆராயியின் மாடே முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்று மத்தியானம் மேரி ஹாஸ்டலிலிருந்து சாப்பிட வந்தவள், புருஷன் டிரம்மின் முன்னால், ஆஸ்பத்திரி அறைக்கு வெளியே நிற்கும் ஆள் மாதிரி நிற்பதைக் கண்டாள். சேலையை இழுத்துச் செருகினாள். வெந்நீரைத் தடவி அந்தத் தாளைக் கிழியாமல் உரித்தாள். இருவரும் கூடை கூடையாக அள்ளி வேலிக்கு அந்தப் பக்கம், ஆராயியின் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய்க் குவித்தார்கள்.

"என்ற எடத்துல வெச்சா என்னையும் பயனாளி ஆக்கிருவாங்களா?" என்று ஆராயி பயந்தாள்.

"யாரு கேட்டாலும் மாட்டுச் சாணம்னு சொல்லிரு," என்றாள் மேரி.

காலி டிரம்மை மூடி, தாளை மறுபடி ஒட்டினார்கள். டிரம்முக்குள் ஒன்றும் இல்லாததால் அதன்பிறகு அது நாறவில்லை. வாரம் ஒருமுறை வந்து மோந்து பார்த்துவிட்டுப் போன மாதேஸ்வரன், பராமரிப்பு மிகச் சிறப்பு என்று பாராட்டினார்.

மாசியில் பயிற்சி முகாம் நடந்தது. ஏரிக்கரை ஓட்டல் ஒன்றின் ஹாலில், ஏசி போட்டு. ஏற்காட்டுக் குளிரில் அந்த ஏசி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். மேடையில் ஒன்பது நாற்காலி, கீழே லாசர். சென்னையிலிருந்து வந்த வல்லுநர் பேசினார்.

"அன்பர்களே, மக்குதல் வேறு, அழுகுதல் வேறு. மக்குதலை இயக்கம் வரவேற்கிறது. அழுகுதலை இயக்கம் ஒருபோதும் அனுமதிக்காது."

லாசர் எழுந்தார். உட்கார்ந்திருக்க முடியாததால் எழுந்தது. எழுந்துவிட்டதால் ஏதாவது கேட்க வேண்டியதாயிற்று.

"ஏனுங்க, ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"நல்ல கேள்வி. மக்குதல் என்பது திட்டத்தின் கீழ் நடைபெறுவது."

கைதட்டல் எழுந்தது. அடுத்துப் பேசிய மாதேஸ்வரன் உணர்ச்சிவசப்பட்டார். "நான் ஒரு விவசாயி மகன். எங்கப்பா சேத்துல கால் வெச்சாரு. நான் வைக்கக் கூடாதுன்னு என்னைப் படிக்க வெச்சாரு. இன்னிக்கு வரைக்கும் அவரு நம்பிக்கையை நான் காப்பாத்திட்டு வர்றேன்."

அதற்கும் கைதட்டல்.

முகாம் முடிந்த சாயங்காலம் லாசரின் வாசலில் ஜீப் நின்றது. பிரியாணிப் பொட்டலம், பிளாஸ்டிக் தட்டு, பொன்னாடை சுற்றி வந்த கண்ணாடித்தாள், நடுவில் கிழிந்த ஃபிளக்ஸ் எல்லாம் பத்து மூட்டையாக இறங்கின. ஃபிளக்ஸில் 'குப்பையே நம் செல்வம்' என்று இருந்தது.

"இதெல்லாம் எங்கங்க போடறது?"

"நீங்கதானே மாதிரி இல்லம்," என்று டிரைவர் ஆச்சரியப்பட்டார். "வேற எங்க போடறது?"

அந்த மூட்டைகளைப் பிரித்துக் கழித்து முடிக்க லாசருக்கு ஒரு வாரம் ஆயிற்று. முதுகுவலி வந்தது. ஆனால் அதே வாரம் கொட்டகைக்குப் பின்னால் இருந்த குவியல் ஆறி, கறுத்து, உதிரியாகி, மழை பெய்து ஓய்ந்த எஸ்டேட் மாதிரி மணத்தது. எது தோல், எது சருகு, எது சாணம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. லாசர் ஒரு கைப்பிடியை மேரியின் மூக்குக்கு நேரே நீட்டினார். அவள் வழக்கமாக எதற்கும் முகத்தைச் சுளிப்பவள், இதற்குச் சுளிக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்குது," என்றாள். அவள் வாயிலிருந்து அது பெரிய சான்றிதழ்.

டிரம்முக்குப் பக்கத்தில் கொல்லையைக் கொத்தி அதைக் கலந்தார்கள். மறுபடியும் குவித்தார்கள், மறுபடியும் கலந்தார்கள். சித்திரை பிறப்பதற்குள் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மண் நிறம் மாறிவிட்டது. கோடை மழை ஒன்று வந்தது. தண்ணீர் ரோட்டுக்கு ஓடவில்லை, மண்ணுக்குள் போயிற்று. மேரி பீன்ஸ் ஊன்றினாள். முளைத்தவை மஞ்சளாகவில்லை. லாசர் அவற்றைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை மட்டும் பார்த்தார். மற்ற நேரம் வேலை இருந்தது.

அப்போதுதான் இயக்குநர் தேதி கொடுத்தார். கோடை விழாவுக்கு வருகிறவர், போகிற வழியில் டிரம்மைத் திறந்து வைப்பார்.

முன்னேற்பாட்டுக்கு மாதேஸ்வரன் நான்கு பேருடன் வந்து, தாளைக் கிழித்து, மூடியைத் திறக்கச் சொன்னார். உள்ளே காலி என்பது லாசருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மேரியைப் பார்த்தார். மேரி வானத்தைப் பார்த்தாள்.

மாதேஸ்வரன் எட்டிப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"அடடா! என்ன சுத்தம்! ஒரு பொட்டு அழுக்கு இல்ல. நான் எதிர்பார்க்கவே இல்ல பயனாளி ஐயா. குப்பை கிப்பை கிடந்து, அதை வேற கழுவணுமேன்னு பயந்துட்டே வந்தேன்."

காலி டிரம்மை அவர்களே நிரப்பினார்கள். அடியில் சேலத்தில் வாங்கிய உர மூட்டை. அது முடிவு நிலை. மேலே முதல் நிலை. அதற்குக் காரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் எல்லாம் முழுசாக, புதுசாக வாங்கி வந்து கழுவி அடுக்கினார்கள்.

"தோலு போட்டாப் போதாதுங்களா?" என்றாள் மேரி.

"தோல் பார்க்க நல்லா இருக்காது மேடம். இயக்குநர் மனசு சங்கடப்படும்."

"இதுக்கு நேரா என்ற குண்டாவுலயே போட்டிருந்தா, வர்றவங்களுக்குச் சாம்பாராவது ஆயிருக்குமுங்க."

அதை மாதேஸ்வரன் காதில் வாங்கவில்லை. தூரத்திலிருந்து டிரம் எப்படித் தெரிகிறது என்று பார்க்க அவர் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார். நகர்ந்து, பீன்ஸ் பாத்தியில் கால் வைத்தார். கணுக்கால் வரை ஷூ இறங்கியது.

"என்னய்யா இது? இப்படி உள்ள போகுது?"

"நல்ல மண்ணுங்க. அப்படித்தானுங்க போகும்," என்றார் லாசர், கொஞ்சம் பெருமையாகவே.

"நான் இறங்கினாப் பரவால்ல. இயக்குநர் இறங்கினா?" மாதேஸ்வரன் காலை உருவிக்கொண்டு, ஷூவைப் பார்த்தபடி வெகுநேரம் யோசித்தார். அந்த யோசனை லாசருக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை மேரி ஹாஸ்டலுக்குப் போனபின் மாதேஸ்வரன் வந்து, ஒண்டிக்கடைக் கடைவீதிக்குப் போய் ரோஜா மாலைக்குச் சொல்லிவிட்டு வருமாறு லாசரை அனுப்பினார். பயனாளி கையால் சொன்னால்தான் சிறப்பு என்றார். லாசர் பஸ் ஏறிப் போனார். வழியெல்லாம் எதுவோ உறுத்தியது. கடையில் மாலைக்குச் சொன்னார், மீதிச் சில்லறை வாங்காமலே திரும்பினார். பஸ் தாமதமாக வந்தது. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கண்டக்டரிடம், "ஏப்பா, கொஞ்சம் சீக்கிரம் போகச் சொல்லுப்பா" என்றார்.

வீட்டுக்கு முன்னால் கலவை லாரி கிளம்பிக்கொண்டிருந்தது.

கொல்லை முழுக்கச் சாம்பல் நிறம். சுவர் முதல் வேலி வரை, பாத்தி இருந்த இடம், குழி இருந்த இடம் எல்லாம் ஒரே மட்டமாக, ஈரமாக மின்னிக்கொண்டு கிடந்தது. ஓரத்தில் ஒரு பீன்ஸ் செடியின் இரண்டு இலை மட்டும் வெளியே தெரிந்தது. சிமெண்ட் பூசுகிறவர் அதையும் கரண்டியால் உள்ளே தள்ளினார்.

லாசர் நின்றார். நகரவில்லை.

"இப்பப் பாருங்க!" என்றார் மாதேஸ்வரன். "மண்வள இயக்கத்துக்கு ஏத்த மாதிரி இடம் ஆயிருச்சு."

"இதுக்கடியில என்ற மண்ணு இருக்குதுங்க."

"பத்திரமா இருக்கு ஐயா. இனி ஒருத்தரும் மிதிக்க முடியாது."

மத்தியானம் மேரி வந்தாள். கொல்லைக் கதவைத் திறந்தாள். மூடினாள். சாப்பாடு எடுத்து வைத்தாள். அவள் கத்துவாள் என்று லாசர் காத்திருந்தார், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்களைய ஊட்டுல வெச்சுட்டுத்தானுங்க போனேன்," என்றாள் கடைசியில். அவ்வளவுதான்.

லாசர் சோற்றில் கையை வைத்தபடி இருந்தார். இத்தனை வருஷம் ஓடுகிற வண்டியில் விசில் நம் கையில் இருந்தது, வேண்டிய இடத்தில் ஊதி நிறுத்தினோம், இதை மட்டும் நிறுத்தத் தெரியவில்லையே என்று அவருக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

விழா நாளன்று ஏற்காடு முழுக்க மஞ்சு மூடியிருந்தது. இயக்குநர் ஒன்பது வண்டிகளோடு வந்தார். தளத்தில் சிவப்புக் கம்பளம் விரிக்க இடம் தாராளமாக இருந்தது. பத்திரிகைப் படக்காரர் ஒருவரும் வந்திருந்தார். இயக்குநர் டிரம்மைத் திறந்தார். அடியில் இருந்து எடுத்துக் கொடுத்த உரத்தை மோந்து பார்த்துக் கண்களை மூடிக்கொண்டார். படம் எடுக்கும் வரை மூடிய கண்ணைத் திறக்கவில்லை. பிறகு மேல்நிலையிலிருந்து ஒரு காரட்டை எடுத்துக் கடித்தார்.

"பிரமாதம்! இயற்கை உரம் இவ்வளவு ருசியா இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

"சார் வழிகாட்டுதல்," என்றார் மாதேஸ்வரன்.

இயக்குநர் மென்றுகொண்டே குனிந்து, கம்பளத்தைத் தாண்டித் தெரிந்த தரையை ஷூ நுனியால் தட்டினார்.

"இது என்னய்யா? சிமெண்டா?"

ஒன்பது வண்டியில் வந்தவர்களும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். மஞ்சுகூட நின்ற இடத்தில் நின்றது மாதிரி இருந்தது.

"இல்லைங்க சார்," என்றார் மாதேஸ்வரன். "கெட்டிப்படுத்தப்பட்ட மண்."

"ஓ! புதுசா?"

"நம்ம இயக்கத்தோட சாதனை சார். மழையில கரையாது. காத்துல பறக்காது. மண் அரிப்பு அறவே இல்ல."

இயக்குநர் மனம் நெகிழ்ந்தார். ஒலிபெருக்கியை வாங்கினார். "நான் பல ஊர் மண்ணைக் கார்ல இருந்தே பார்த்திருக்கேன். இப்படி ஒரு மண்ணை எங்கயும் பார்த்ததில்ல. கால்ல ஒட்டல. மண்ணுன்னா இப்படி ஒழுக்கமா இருக்கணும். இந்த மண்ணைக் கிளறி, நானே இந்தப் பணியைத் தொடங்கி வைக்கப் போறேன். யாராவது ஒரு மம்பட்டி கொண்டாங்க!"

மாதேஸ்வரன் குறுக்கே வந்தார். அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் லாசர் நகர்ந்துவிட்டார். வேலியைத் தாண்டி ஆராயி வீட்டுக்குப் போனார், கடப்பாரையோடு வந்தார்.

"இந்த மண்ணுக்கு மம்பட்டி ஏறாதுங்க," என்றார். "இதைப் போடுங்க."

இயக்குநர் கடப்பாரையை ஓங்கிக் குத்தினார். ணங்கென்று சத்தம் வந்தது. கடப்பாரை எகிறியது, இயக்குநரும் கொஞ்சம் எகிறினார். ஒரு பொட்டுச் சில்லு தெறித்துப் படக்காரரின் கன்னத்தில் பட்டது. எல்லாரும் கைதட்டினார்கள்.

"நல்ல சத்துள்ள மண்ணு," என்றார் இயக்குநர், கையை உதறிக்கொண்டே. "இந்தக் கிளறும் பணியை நம்ம பயனாளி இன்னைக்கே தொடர்ந்து செய்து முடிப்பார்னு நான் அறிவிக்கிறேன்."

வண்டிகள் கிளம்பின. கடைசி வண்டி வளைவில் மறைந்ததும் லாசர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். கடப்பாரையை எடுத்தார். இயக்குநர் குத்திய இடத்திலேயே குத்தினார். தளம் போட்டு இரண்டு நாள்கூட ஆகவில்லை. கலவையில் சிமெண்டைவிட மணல்தான் அதிகம் போலிருந்தது. நாலு குத்தில் விரிசல் ஓடியது. மேரி முந்தானையைச் செருகிக்கொண்டு சம்மட்டியோடு வந்தாள். அந்த வயதில் அவளிடம் அவ்வளவு பலம் இருக்கும் என்று லாசர் நினைக்கவில்லை. பயந்து ஓரடி தள்ளி நின்று குத்தினார்.

கம்பளத்தை எடுத்துப் போக மாதேஸ்வரன் திரும்பி வந்தார். படக்காரரும் விட்டுப்போன லென்ஸ் மூடியைத் தேடி அவரோடு வந்திருந்தார்.

"யோவ்! என்ன பண்றீங்க? நிறுத்துங்க! அது இயக்கத்தோட சொத்து!"

"கிளறறோமுங்க சார்," என்றார் லாசர். "இயக்குநரு சொல்லிட்டுப் போனாருங்களே."

"அது சிமெண்ட் தளம்யா!"

"அப்படீங்களா?" லாசர் கடப்பாரையை ஊன்றி நின்றார். "நீங்கதான மண்ணுன்னீங்க?"

படக்காரர் லென்ஸ் மூடியைத் தேடுவதை நிறுத்தினார். கேமராவைத் தூக்கினார். "எதுன்னு சொல்லுங்க சார். நாளைக்குப் பேப்பர்ல சரியாப் போடணும்ல?"

மாதேஸ்வரன் கேமராவைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். உடைந்த பாளத்துக்கு அடியில் கறுப்பாகத் தெரிந்ததையும் பார்த்தார்.

"மண்ணுதான்," என்றார். பிறகு, யாரோ தூரத்திலிருந்து கேட்பது போல இன்னும் சத்தமாக, "மண்ணுதாங்க! நல்லாக் கிளறுங்க!" என்றார். கேமரா தாழவில்லை. வேறு வழியில்லாமல் அவரும் குனிந்து ஒரு பாளத்தைத் தூக்கி ஓரமாகப் போட்டார். அவருடைய அப்பா பார்க்க உயிரோடு இல்லை.

இருட்டுவதற்குள் பாத்தி வெளியே வந்துவிட்டது. மண் நசுங்கி, சிமெண்ட்பால் இறங்கி, மேலே வெளுத்துக் கிடந்தது. பீன்ஸ் ஒன்றும் பிழைக்கவில்லை. மேல் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் இருந்த புதுக் குவியலைக் கொண்டுவந்து கொட்டினார்கள். மேரி வெறும் காலோடு அதில் ஏறி நின்று பார்த்தாள். கால் இறங்கியது. "போதும், எறங்குது," என்றாள்.

மேரி மறுபடி ஊன்றிய பீன்ஸ் அந்த மழைக்காலம் முழுக்கக் காய்த்தது. முதலில் கேட்டது ஆராயிதான், அவளுக்கு இரண்டு கூடை உரம் போயிற்று. அவளிடமிருந்து எதிர்வீட்டுக்கு, அங்கிருந்து சர்ச்சுக்குப் போகிற வழியில் இருந்த வீடுகளுக்கு. எல்லாரும் குவித்தார்கள். கோழிக்கூண்டுக்குப் பின்னால், விறகுக்கு அடியில், பழைய தார்ப்பாயின் கீழே, ஜீப் கண்ணுக்குப் படாத இடமாகப் பார்த்துக் குவித்தார்கள்.

ஐப்பசியில் மாதேஸ்வரன் இரண்டாவது மாதிரி இல்லம் தேடி வந்தார். ஜீப் படியில் நின்றபடியே வீடு வீடாக விசாரித்தார்.

"எங்க ஊட்டுல குப்பையே ஆகறதில்லீங்க," என்றாள் ஆராயி.

"நாங்க தோலோடவே சாப்பிட்டுக்கறமுங்க," என்றார்கள் எதிர்வீட்டில்.

தெரு முழுக்க ஒரே பதில். மாதேஸ்வரனின் கண் மெல்ல விரிந்தது. லாசர் அந்தக் கண்ணை அறிவார். ஷூவைப் பார்த்து யோசித்தபோது அது அப்படித்தான் விரிந்தது.

"ஒரு வீட்டுலகூடக் குப்பையில்லையா? அப்ப இது குப்பையில்லாத் தெரு! மாநிலத்துலயே முதல் தெரு! நாளைக்கே இயக்குநரைக் கூட்டிட்டு வர்றேன். வளைவு வைக்கணும், மேடை போடணும், தெரு முழுக்கத் தளம் போடணும்..."

ஜீப் போய்விட்டது. தெருவே லாசர் வீட்டு வாசலில் கூடிவிட்டது. யாராலும் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஆளுக்கு ஆள் பேசினார்கள். லாசர் ஒரு ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு ஒண்டிக்கடைக்குப் போனார். ஓட்டல்காரர்களிடமும் கறிக்கடையிலும் மீன்காரரிடமும் கெஞ்சிக் கேட்டு, பின்சீட் நிறைய ஏற்றிக்கொண்டு ராத்திரி வரை நடை நடையாக வந்து இறக்கினார். ஆட்டோக்காரர் மூக்கை மூடிக்கொண்டே ஓட்டினார்.

மறுநாள் காலை மாதேஸ்வரன் வந்தபோது தெருமுனையிலேயே ஜீப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. ரோட்டுக்குக் குறுக்கே இடுப்பளவு குப்பை. அழுகின தக்காளி, கோழி இறகு, மீன் தலை, வாழைத்தண்டு. ஈக்கள் வரவேற்றன. நல்லவேளை, இயக்குநர் கிளம்பும் முன் பார்த்துவிட்டு வரச் சொல்லி இவரை முன்னால் அனுப்பியிருந்தார்.

"என்னய்யா இது!"

"குப்பைங்க சார்," என்றார் லாசர். "நேத்து நாங்க பொய் சொல்லிப்போட்டோமுங்க. நொம்ப மோசமான சனங்க நாங்க."

மாதேஸ்வரன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு அந்தக் குவியலையும் அந்தத் தெருவையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் குரல் தழுதழுத்தது.

"உங்களையெல்லாம் திருத்தவே முடியாது."

"முடியாதுங்க சார்," என்றார் லாசர் பணிவாக.

ஜீப் பின்பக்கமாகவே வந்த வழியில் போய், தலைச்சோலை ஊர்ப் பக்கம் திரும்பியது. சத்தம் அடங்கும் வரை எல்லாரும் அசையாமல் நின்றார்கள். அடங்கியதும் கூடைகளோடு பாய்ந்தார்கள். நாலு வீட்டுக்காரர்கள் ஒரே கோழி இறகுக் குவியலைப் பிடித்து இழுத்தார்கள். ஆராயி வாழைத்தண்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் மேரி.

"விடு ஆராயி! ஆட்டோ வெச்சுக் கொண்டாந்தது என்ற ஊட்டுக்காரரு!"

"கொண்டாந்தா என்னங்க வார்டனம்மா? ரோட்டுல கெடக்கறது எல்லாருக்கும் பொதுவுங்க!"

லாசர் இரண்டு பேரையும் விலக்கப் போகவில்லை. அந்த நேரத்தில் அவர் மீன் தலைகளைக் கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.